மூன்றாம் மாடி நடை

கதவை விரல் முட்டியால் தட்டிவிட்டு, காதைக் கிட்டே கொண்டுபோய் நிற்கிறார். உள்ளேயிருந்து "வர்றேண்ணே" என்று தூக்கம் கலையாத குரல் ஒன்று கேட்கிறது. அவர் நகர்வதில்லை. செருப்பு தரையில் தேய்கிற சத்தம் வந்த பிறகுதான் அடுத்த கதவுக்குப் போகிறார். அதுதான் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்களே, இன்னும் என்ன காவல் என்று ஒருமுறை கேட்டேன். "வர்றேன்னு வாய் சொல்லுது தம்பி. காலு இன்னும் ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

எங்கள் குடியிருப்பில் அவருக்கு லிஃப்ட் அண்ணன் என்று பெயர். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஊர் விழிக்கும் முன்பே முகம் மழித்து, மடிப்புக் கலையாத நீலச் சட்டையோடு தயாராக இருப்பார். அது பழைய வேலைச் சீருடை. சட்டைப் பைக்கு மேல் தைத்திருந்த நிறுவனப் பெயரை அவர் மனைவி பிரித்து எடுத்துவிட்டார். ஊசி போன தடம் மட்டும் இன்னும் இருக்கிறது. பேசும்போது நம் முகத்தைப் பார்க்கமாட்டார். எதிரே, அங்கே இல்லாத ஒரு கதவைப் பார்த்துக்கொண்டே பேசுவார். முதலில் அது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. வாலிபம் முழுவதையும் லிஃப்டுக்குள் கழித்த மனிதருக்கு வேறு எங்கே பார்க்கத் தெரியும் என்று பிறகுதான் உறைத்தது.

பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குபவராக இருந்தார். ஸ்டூல் ஒன்று, மின்விசிறி ஒன்று, வரிசையாகப் பொத்தான்கள். காலையில் ஸ்டூலில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பார். "நாள் பூரா மேலயும் கீழயும் போயிட்டு வந்தேன் தம்பி. ஆனா ஒரு படி ஏறினதில்ல" என்று அதைப் பெருமையும் வருத்தமும் இல்லாத குரலில் சொல்வார். விதியின் குறும்பைப் பாருங்கள், அவர் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. வேலையில் இருந்தவரை காலையில் ஒருமுறை இறங்கி, மாலையில் ஒருமுறை மூச்சு வாங்க ஏறினால் போதும். ஓய்வு பெற்ற பிறகு அதுவும் நின்றது. உடம்பு பருத்தது, சர்க்கரை ஏறியது. ஒருநாள் மருந்து வாங்க இறங்கியவர் திரும்பி வரும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். மேலே போகவும் முடியவில்லை, கீழே போகவும் முடியவில்லை.

அப்போது மாடியில் துணி கொடுத்துவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தவர், கீழே மாடிப்படிக்கு அடியில் மேசை போட்டு இஸ்திரி போடும் அக்கா. என்ன ஏது என்று கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு சீராகும்வரை பேசாமல் இருந்துவிட்டு, சேர்ந்து எழுந்து, சேர்ந்து ஏறினார். நடைப்பயிற்சி பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் கீழே வந்த அண்ணனிடம் ஒரு துணி மூட்டையைக் கொடுத்து முதல் மாடியில் சேர்க்கச் சொன்னார். அடுத்த வாரம் இரண்டாம் மாடி. அதன் பிறகு பக்கத்துக் கட்டடம். "நடங்கன்னு சொன்னா ஆம்பளைங்களுக்குக் கோவம் வரும். இதைக் குடுத்துட்டு வாங்கன்னா வராது" என்பது இஸ்திரி அக்காவின் சித்தாந்தம். அந்த வருஷம் முடிவதற்குள் அண்ணனின் நீலச் சட்டை தோளில் தொங்க ஆரம்பித்திருந்தது. அவர் மனைவி அதை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தார்.

தனக்குக் கிடைத்ததை அவர் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. காலையில் இஸ்திரி அக்காவையும் மனைவியையும் சேர்த்துக்கொண்டு கிளம்பினார். பிறகு முதல் மாடியில் தனியாக இருக்கும் ஆடிட்டர் சேர்ந்தார். அவர் உண்மையில் ஆடிட்டர் இல்லை. ஒரு மரக்கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதால் வந்த பட்டம். அப்படியே ஒவ்வொருவராகக் கூட்டம் சேர்ந்தது. கடைசியில் நானும் போனேன். எனக்கும் அதிகாலைக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் ஒரு மனிதர் கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று தெரிந்த பிறகு எப்படிப் படுத்திருப்பது?

தெருவில் அவர் கூட்டத்தை நிறுத்துகிற விதம் லிஃப்டில் ஆள் நிறுத்துகிற விதம்தான். "சீக்கிரம் இறங்குறவங்க கதவுப் பக்கம் நில்லுங்க" என்பார். முதல் முனையிலேயே திரும்ப நினைப்பவர்கள் ஓரமாக நடக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டிவரை போகிறவர்கள் உள்பக்கம். அதனால் பாதியில் திரும்புகிறவர் யாரையும் விலக்கிக்கொண்டு, யாரிடமும் சாக்குச் சொல்லிக்கொண்டு போக வேண்டியதில்லை, சும்மா கழன்றுகொள்ளலாம். வெட்கப்படாமல் போனவர் மறுநாள் வெட்கப்படாமல் வந்தார். இன்னொரு விதி, யாருக்கு என்ன வியாதி என்று யாரும் கேட்கக் கூடாது. லிஃப்டில் பக்கத்தில் நிற்பவரிடம் அப்படிக் கேட்போமா என்பார். கேட்காததாலேயே எல்லாரும் சொன்னார்கள். முகம் பார்க்காமல் பக்கத்தில் நடக்கும்போது மனிதர்களுக்கு எப்படியோ வாய் திறந்துவிடுகிறது.

அந்தக் கூட்டத்தின் கால் அண்ணன் என்றால், வாய் அண்ணி. அவர் மனைவியை நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். நடுவில் நடப்பார். அவர் சொல்லும் கதையின் நுனி காதில் விழ வேண்டும் என்பதற்காகவே முன்னால் போகிறவர்கள் வேகத்தைக் குறைப்பார்கள், பின்னால் வருகிறவர்கள் எட்டி நடப்பார்கள். யாரையும் புண்படுத்தாத வம்பு பேசுவது ஒரு கலை. அண்ணிக்கு அது கைவந்திருந்தது. அவர் பேச, அண்ணன் கடைசி ஆளாக யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டு வர, எங்கள் காலைகள் நன்றாகவே போய்க்கொண்டிருந்தன.

போன வருஷம் அண்ணி குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். நாற்காலியில் உட்காரவைத்து, நடைக்கூட்டத்து ஆண்கள் நாங்கள் சேர்ந்து மூன்று மாடியும் தூக்கிக்கொண்டு ஏறினோம். நாற்காலியின் பின்கால்களை அண்ணன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வழியெல்லாம் அண்ணி எங்களைக் கிண்டல் செய்துகொண்டு வந்தார், கண்ணில் மட்டும் நீர் நிற்கவே இல்லை.

அதன் பிறகு நாங்கள் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். எள் என்றால் எண்ணெயாக நின்றோம். வெந்நீர் இஸ்திரி அக்கா, செய்தித்தாள் ஆடிட்டர், மருந்து நான், சாப்பாடு பக்கத்து வீடு. அண்ணன் பழைய தொழில் புத்தியில் ஒரு காரியம் செய்தார். அண்ணியின் நாற்காலிக் கைப்பிடியில் ஒரு பொத்தானைப் பொருத்தி, வராந்தாவில் ஒரு மணியை மாட்டினார். அழுத்தினால் யாராவது ஓடிவந்துவிடுவோம். கண்ணாடி எடுத்துக் கொடுப்போம், ஜன்னலைச் சாத்துவோம், கீழே விழுந்த சீப்பை எடுப்போம். டாக்டர், நான்குகால் வாக்கரைப் பிடித்து நடக்கச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். நாளைக்கு நடக்கலாம் என்று அண்ணி சொல்வார். பாவம், வலிக்கிறதே, அவசரம் என்ன என்று நாங்களும் சொல்வோம். வாக்கர் சுவரோரமாக நின்று, துண்டு காயப்போட உதவியது. ஊரையே எழுப்பி நடக்க வைத்த மனிதரின் வீட்டில் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மாதங்கள் ஓடின. ஆஸ்பத்திரியிலிருந்து பிசியோதெரபி பெண் ஒருவர் வந்தார். சின்ன வயது, சிரிக்காத முகம். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு குனிந்து அண்ணியின் கெண்டைக்காலைக் கையில் பிடித்துப் பார்த்தார். உட்கார்ந்து தின்றால் குன்றும் கரையும் என்பார்கள். அங்கே கரைந்திருந்தது கால். எலும்பு எப்போதோ கூடிவிட்டது, தசைதான் போய்விட்டது, இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டால் நாற்காலி போய்ப் படுக்கையாகிவிடும், அதற்குப் பிறகு தன்னாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று அந்தப் பெண் அண்ணியின் முகத்துக்கு நேரே சொன்னார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, "இவங்களை யாரு எழுந்திருக்க விடாமப் பார்த்துக்கிட்டது?" என்று கேட்டார்.

வெந்நீர்ச் செம்போடு இஸ்திரி அக்கா நின்றுகொண்டிருந்தார். மடித்த செய்தித்தாளோடு ஆடிட்டர். மருந்துப் பொட்டலத்தோடு நான். கை கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு காலை வாரிவிட்டிருந்தோம். அண்ணன் மட்டும், எங்களையும் பார்க்காமல் அந்தப் பெண்ணையும் பார்க்காமல், "நான்தாம்மா" என்றார்.

அன்று மாலையே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நாற்காலிப் பொத்தானைக் கழற்றினார். அண்ணி அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கழற்றி முடித்த பிறகு, நான் பாரமாகிவிட்டேனா என்று கேட்டார். அண்ணன் இல்லை என்று தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் அண்ணிக்குப் போதவில்லை.

"விழுந்தது நீங்க இல்ல. எலும்பு முறிஞ்ச சத்தம் வெளிய யாருக்கும் கேக்கல. எனக்கு உள்ள கேட்டுச்சு. காலை ஊனும்போதெல்லாம் இன்னும் கேக்குது. உங்களுக்கு என்ன தெரியும்?"

அண்ணன் வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் பேச்சுக்கு நடுவே கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர். எழுந்து வராந்தாவுக்கு வந்து, மாட்டியிருந்த மணியையும் கழற்றினார். கழற்றிய பிறகு அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வெகுநேரம் நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "அவ பயப்படுறது நியாயம் தம்பி. நான் பயப்படுறதும் நியாயம். ரெண்டு நியாயமும் சேர்ந்து அவளைப் படுக்கப் போட்டுடும் போலிருக்கு" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை வழக்கம்போல் கதவு கதவாகத் தட்டினார். செருப்புச் சத்தத்துக்குக் காத்து நின்றார். ஆனால் எல்லாரும் கூடிய பிறகு தெருவுக்கு இறங்கவில்லை. "இனிமே நடை மேல" என்றார். கீழ்வீட்டுக்காரர்கள், வயதானவர்கள், மூட்டு வலிக்காரர்கள் எல்லாரும் அவர் பின்னால் மூன்றாம் மாடிக்கு ஏறினார்கள். அந்த நீள வராந்தாவில், அண்ணியின் வீட்டு வாசலில் தொடங்கிக் கடைசிக் கோடிவரை நடந்து திரும்ப வேண்டும். ஓரமாக நடப்பவர்கள் ஓரமாக, உள்பக்கம் நடப்பவர்கள் உள்பக்கம். அண்ணியின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே நாற்காலியில் அவர், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு.

இந்த ஏற்பாட்டுக்கு ஆடிட்டர்தான் கடைசிவரை மசியவில்லை. நோயாளி வீட்டு வாசலில் ஊர்வலம் போவது மனிதத்தன்மையா என்று கேட்டார். யார் என்ன சொன்னாலும் செய்தித்தாளைத் தானே உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பேன் என்றார். அண்ணன் வாதாடவில்லை. அவரைத் தனியே அழைத்துப்போய், கதவருகே ஒரு முக்காலியைப் போட்டு, செய்தித்தாளை அதில் வைத்துவிட்டுப் போகும்படி மட்டும் கேட்டுக்கொண்டார். ஆடிட்டர் வைத்தார். அண்ணி எடுக்கவில்லை. நாலைந்து நாள் செய்தித்தாள்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அங்கேயே கிடந்தன. ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துவிட்டு ஆடிட்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு நடையில் சேர்ந்துகொள்வார். உதவாமல் இருப்பது அவ்வளவு பெரிய உழைப்பு என்று எனக்கு அதுவரை தெரியாது.

வழி கண்டுபிடித்தவர் இஸ்திரி அக்கா. பக்கத்துக் கட்டடத்துத் தபால்காரர் வீட்டு விவகாரத்தை அவர் அண்ணியின் வாசலில் ஆரம்பித்தார். அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரே ஃப்ரிட்ஜுக்கு ஆளுக்கொரு பூட்டு போட்டிருக்கிறார்கள், ஆனாலும் உள்ளே வைத்தது தினமும் குறைந்துகொண்டே போகிறது. இந்த இடம்வரை நன்றாக உரக்கச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கோடிக்கு நடந்துவிட்டார். திரும்பி வந்தபோது வேறு பேச்சு. மறுநாளும் அதே கதை, அதே இடத்தில் அறுந்தது. மூன்றாம் தடவை உள்ளேயிருந்து குரல் வந்தது, எத்தனையோ நாளைக்குப் பிறகு அண்ணியின் பழைய குரல்.

"சாவி யார்கிட்டடி இருந்துச்சு?"

"கதவுகிட்ட வாங்கண்ணி, சொல்றேன். ஊருக்கெல்லாம் கேக்கக் கூடாது" என்றார் இஸ்திரி அக்கா, நடையை நிறுத்தாமல்.

அண்ணி வாய்க்கு வந்தபடி திட்டினார். எங்கள் அத்தனை பேரையும் பெயர் சொல்லாமல் அடையாளம் சொல்லித் திட்டினார். திட்டி முடித்தார். அப்புறம் சுவரோரத்திலிருந்து வாக்கரை இழுக்கிற சத்தம். நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்தார். கதவுவரை வந்து சேர்ந்த அண்ணி முக்காலியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். இரண்டு பூட்டுக்கும் மாற்றுச் சாவி தபால்காரரின் பையில் இருந்ததாக அறிந்து, அந்த வேதனைக்கு நடுவிலும் சிரித்தார். அண்ணன் கோடியில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அவர் தோள்கள் குலுங்கியது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

கதவுவரை வருவது அதன் பிறகு வாடிக்கையானது. செய்தித்தாளைத் தானே எடுத்துக்கொண்டார். ஆனால் நிலைப்படியைத் தாண்டமாட்டேன் என்றார். அது கொஞ்சம் உயரமான நிலைப்படி. வாக்கரைத் தூக்கி அப்பால் வைத்து, உடம்பின் கனத்தையெல்லாம் தகடு வைத்த காலில் ஒரு நொடி தாங்க வேண்டும். அந்த நொடியில்தான் அண்ணிக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. பிசியோதெரபி பெண் திரும்ப வந்து பார்த்துவிட்டு, தாண்ட முடியும், கால் தயாராகிவிட்டது, பயம்தான் பாக்கி என்றார். அண்ணனிடம் தனியாகச் சொன்னார்: பக்கத்தில் நிற்கலாம், விழுந்தால் பிடிக்கலாம், விழுவதற்கு முன்னால் பிடிக்கக் கூடாது. ஒருமுறை கையைக் கொடுத்துவிட்டால் அந்தக் கையில்லாமல் அவர் எந்தப் படியையும் தாண்டமாட்டார். தாண்டாவிட்டால் இந்த அறையோடு சரி.

இந்த வாரம் ஒரு காலை, நடை பாதியில் இருந்தபோது அண்ணி வாக்கரைத் தூக்கி நிலைப்படிக்கு அப்பால் வைத்தார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, எந்தக் கதையும் அறுபடவில்லை. ஆடிட்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அண்ணன் கடைசியிலிருந்து வேகமாக வந்து, எட்டினால் தொடும் தூரத்தில் நின்றார். எப்போதும் இல்லாத ஒன்றாக, முகத்துக்கு நேரே மனைவியைப் பார்த்தார்.

"கை குடுங்க" என்றார் அண்ணி.

அவர் கொடுக்கவில்லை.

"பயமா இருக்குங்க."

"இங்கதான் இருக்கேன்" என்றார் அண்ணன்.

அண்ணியின் உதடுகள் துடித்தன. அண்ணன் மேல் அப்போது வந்த கோபத்தை நான் அந்தக் கண்ணில் பார்த்தேன். அந்தக் கோபத்தோடேயே நல்ல காலைத் தூக்கினார். தகடு வைத்த கால் நடுங்கியது, வாக்கரின் ரப்பர்க் குமிழ்கள் தரையில் கிறீச்சிட்டன. அண்ணனின் வலது கை அவரைக் கேட்காமலே முன்னால் நீண்டது. நீண்ட கையை அவர் இடது கையால் மணிக்கட்டில் எட்டிப் பிடித்து, இழுத்து, தன் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டார். அண்ணியின் பாதம் வராந்தாவில் ஊன்றியது; பின்னாலேயே அடுத்த காலும் வந்தது. அதன் பிறகும், அண்ணி எங்களைத் தாண்டி முதல் ஜன்னல்வரை நடந்து போன பிறகும், அண்ணன் தன் கையை விடவில்லை.